சேலைக்காரி சொல்றேன்

ஜூன் 4, செவ்வாய்

இந்த டைரி எங்கள் கடையில் புது வருஷத்துக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. மீந்ததில் ஆளுக்கு ஒன்று எங்களுக்கும் கிடைத்தது. ஐந்து மாதமாக அரிசி டிரம் மேல் கிடந்ததை இன்று தூசி தட்டி எடுத்தேன். எழுதுவதற்கு ஒரு சங்கதி வந்துவிட்டது.

காலை ஆறேகால் மணிக்கு, வாசல் தெளித்து, பால் காய்ச்சி, இட்லி ஊற்றி வைத்துவிட்டு, நான் ஒரு சேனல் ஆரம்பித்தேன்.

பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டுமே, அதனால் சொல்லிவிடுகிறேன். நான் செங்கமலம், வயது நாற்பத்து மூன்று. மன்னார்குடியில் மூன்று மாடி ஜவுளிக் கடை ஒன்றில், பட்டுப் பிரிவில், பதினாலு வருஷமாக நிற்கிறேன். நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பதுதான், உட்காரக் கூடாது. ஒரு நாளைக்கு இருநூறு சேலை பிரிப்பேன், இருநூறு சேலை மடிப்பேன். இந்தத் தாலுகாவில் என்னைவிட வேகமாகப் பட்டுச்சேலை மடிக்கிற கை இருந்தால் காட்டுங்கள், அதற்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

முதல் வீடியோ அதுதான். ஒரு பட்டுச்சேலை, ஒன்பது வினாடியில் மடிப்பு. ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி, அதில் ரப்பர் பேண்டால் போனைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் கலியபெருமாள் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ற?"

"படம் எடுக்கிறேன்."

"இட்லி?"

"ஆவுது. குறுக்க வராதீங்க."

சட்டதிட்டத்தை நானே போட்டுக்கொண்டேன். முகம் வராது, பெயர் வராது, ஊரும் கடையும் வரவே வராது. குரலை மாற்ற ஒரு ஆப் இருக்கிறது. அதில் போட்டால் யாரோ மெட்ராஸ் டாக்டரம்மா பேசுவது போலக் கேட்கிறது. இடது மணிக்கட்டில் எண்ணெய்ச் சட்டி சுட்ட தழும்பு உண்டு, அதை மறைக்க அவருடைய பழைய வாட்ச். சேனலுக்கு 'சேலைக்காரி' என்று பெயர் வைத்தேன்.

இந்த ஒளிவுமறைவுக்குக் காரணம் உண்டு. எங்கள் கடையில் காலையில் நுழையும்போதே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கடைச் சமாச்சாரம் வெளியே போனது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வாரம்தான் பட்டுப் பிரிவு இன்சார்ஜ் சாரங்கபாணி சார் ஓய்வு பெற்றார். அடுத்து யார் என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. எனக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் ஏழு தடவை நானே.

ஜூன் 12, புதன்

மடிப்பு வீடியோ நான்கு போட்டாயிற்று. சீந்துவாரில்லை. நேற்று வார விடுமுறை, துணி ஊறவைத்துவிட்டு மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். முதல் மூன்று வினாடியில் ஆளை நிறுத்தவில்லை என்றால் விரலால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அட, இதைத்தானே நான் தினமும் செய்கிறேன். படி ஏறி வருகிறவர் எதிர்க் கவுண்டருக்குத் திரும்புவதற்குள் ஒரு சேலையைப் பிரித்து முந்தியை வீசினால் நின்றுவிடுவார். கையில் வைத்துக்கொண்டே ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிடும்போதும் இதே நினைப்பு. பக்கத்தில் ஜெசிந்தா. ஒன்பது வருஷமாக அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த கவுண்டர். அவள் புருஷன் வெளிநாடு போகிறேன் என்று போனவர், போனவர்தான். மகள் நர்சிங் கடைசி வருஷம். அவள் மீன் குழம்பில் பாதி எனக்கு, என் சாம்பாரில் பாதி அவளுக்கு.

"என்னடி, நீயா சிரிச்சுக்கிற?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. பல்லுல கறிவேப்பில."

அவளிடம்கூட நான் மூச்சு விடவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்.

ஜூன் 18, செவ்வாய்

பற்றிக்கொண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை போட்ட வீடியோவில் மடிப்பெல்லாம் பிறகு, முதலில் பேச்சு என்று வைத்தேன்.

"சேலைக்காரி சொல்றேன். கடையில மொத ரெண்டு சேலைய வேணுமுன்னே சுமாராக் காட்டுவாங்க. மூணாவதுதான் அவங்க தள்ளிவிட நெனைக்கிறது. ரெண்டு சுமாரப் பாத்த கண்ணுக்கு மூணாவது தேவலோகமாத் தெரியும். நீங்க அசராதீங்க. நாலாவது காட்டுங்கன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எதிர்ல நிக்கிறவங்க மொகத்தப் பாருங்க."

இன்று காலை வரை இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார்.

"தேருக்கே இவ்வளவு கூட்டம் வராதே" என்றார்.

நான் ஆச்சரியப்படவில்லை. பதினாலு வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததை ஒரு நிமிஷத்தில் சொன்னால் கேட்கத்தான் செய்வார்கள்.

ஜூன் 27, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம். பெண்ணின் அத்தை, கனத்த சரீரம், வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு சேலை போட்டேன். மூன்றாவதைக் கையில் எடுத்தேன்.

"அத வையிம்மா. நாலாவத எடு."

பக்கத்துக் கவுண்டரில் ஜெசிந்தா சட்டென்று குனிந்து எதையோ தேடினாள். நான் ஒன்றும் தெரியாதவள் போல நின்றேன். அத்தை தன் போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இந்தப் பொண்ணு சொல்லுது பாரு. நல்ல வெவரமான பொண்ணு. ஒன்னய மாதிரி வாய மூடிக்கிட்டு நிக்கல."

"அப்படிங்களா" என்றேன்.

கடையில் நான் அப்படித்தான். "உங்களுக்கு எடுப்பா இருக்குங்க" என்று வாடிக்கையாளரிடம், "சரிங்க முதலாளி" என்று முதலாளியிடம். இந்த இரண்டிலேயே என் நாள் ஓடிவிடும். வீட்டுக்கு வந்து சிரித்தேன் பாருங்கள், வயிறு வலித்துவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

நான் கமெண்ட் எல்லாம் படிப்பதில்லை. இன்று வந்த முந்நூற்றுப் பதினாறில் ஒன்பதுதான் திட்டு. அதிலும் நான்கு ஒரே ஆள்.

இன்சார்ஜ் பற்றி இன்னும் பேச்சில்லை. சாரங்கபாணி சாரின் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அதன் மேல் யாரோ அட்டைப் பெட்டியை வைத்திருந்தார்கள், எடுத்துக் கீழே வைத்துத் துடைத்தேன். தூசியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 11, வியாழன்

கொசுவம் எத்தனை வைப்பது என்று ஒரு வீடியோ. ஒல்லியானவருக்கு ஏழு, பருமனானவருக்கு ஐந்து என்று என் கையில் மடித்து எண்ணிக் காட்டினேன். அதில் ஒரு கமெண்ட்: "அக்கா, நீங்க நெல் அளக்குற வீட்டுப் பொண்ணா? லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணுறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், அப்பா நீடாமங்கலம் மண்டியில் நெல் அளந்தவர். மரக்காலில் முதல் அளவை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். 'லாபம்' என்பார்கள், அப்புறம்தான் இரண்டு, மூன்று. கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வரும், சேலைக் கட்டை எண்ணும்போதும் வரும். என்னிடமிருந்து ஜெசிந்தாவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருஷத்தில் என்னதான் ஒட்டாது.

குரலை ஆப் மாற்றிவிடுகிறது, இதை யார் கவனிக்கப் போகிறார்கள். வீடியோவை எடுக்கவில்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. கடை வாசலில் பந்தல், மேளம், பலூன். மேலே பட்டுப் பிரிவில் நானும் ஜெசிந்தாவும், ஆடிக்கென்று புதிதாக எடுத்த நான்கு பெண்களும். அந்த நால்வருக்கும் சேலையைப் பிரிக்கத்தான் தெரிகிறது, மடிக்கத் தெரியவில்லை.

காலை ஆறரைக்கு ஒன்று போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். "சேலைக்காரி சொல்றேன். தள்ளுபடிச் சேலையில பழைய சரக்கு எது, புதுசு எதுன்னு தெரியணுமா? நடு மடிப்பப் பிரிச்சு வெளிச்சத்துல புடிங்க. கோடு வெளுத்திருந்தா ரெண்டு வருஷம் அலமாரியில தூங்குனது. அந்த எடத்துல ஜரிகையக் கொஞ்சம் நெமிண்டிப் பாருங்க, கறுத்திருக்கும்."

பன்னிரண்டு மணிக்குள் ஆரம்பித்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் நடு மடிப்பைப் பிரித்துக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு பெண்மணி டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் கடை தள்ளுபடிக் கட்டில் பாதிக்கு மேல் என்ன என்று எனக்குத் தெரியும். நான் எங்கள் கடையைச் சொல்லவே இல்லை. பொதுவாகச் சொன்னேன்.

மேனேஜர் சிவசிதம்பரம் மூன்று தடவை மேலே வந்து போனார். முகம் சரியில்லை.

ஜூலை 22, திங்கள்

கடை திறக்கும் முன் முதலாளி எல்லோரையும் கீழ்த்தளத்தில் நிறுத்தினார். மேனேஜர் தன் போனில் என் வீடியோவை ஓட்டினார். டாக்டரம்மா குரல் அந்தப் பெரிய ஹாலில் எதிரொலித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இது வெளியாளு கெடையாது" என்றார் முதலாளி. "ஓரத்துல ரெண்டு விரக்கடை விட்டு மடிக்கிறது நம்ம கடைப் பழக்கம். எங்க அப்பா காலத்துலேர்ந்து வர்றது. உள்ளாளுதான். தானா வந்து சொல்லிட்டா பேசித் தீத்துக்கலாம். நானாக் கண்டுபுடிச்சா நடக்குறதே வேற."

யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. ஜெசிந்தா எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாளா என்று நான் பார்க்கவில்லை.

ஜூலை 24, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு மேனேஜர் ஒரு கட்டு சேலையோடு மேலே வந்தார். பன்னிரண்டு சேலை. "ஸ்டாக் எடுக்குறோம். ஒவ்வொருத்தரா வந்து சத்தமா எண்ணுங்க" என்றார். பன்னிரண்டு சேலையை எதற்கு ஆறு பேர் எண்ண வேண்டும்? சத்தமாக என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. கொசுவம் வீடியோவை அவரும் பார்த்திருக்கிறார்.

புதுப் பெண்கள் நால்வரும் எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஐந்தாவது நான். ஒண்ணு, ரெண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணினேன். சரியாகத்தான் எண்ணினேன்.

அடுத்தது ஜெசிந்தா. "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தவளை மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் இல்ல சார்" என்றாள்.

"அப்ப யாருன்னு சொல்லு."

அவள் பேசாமல் நின்றாள். பெட்டியிலிருந்து அவள் போனை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார்கள். அதில் ஒன்றுமில்லை. வேறு போன் வைத்திருப்பாள் என்றார் மேனேஜர். கீழே முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் அவள் பையை எடுக்க மட்டும் மேலே வந்தாள். சாப்பாட்டுத் தூக்கும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. அவள் படி இறங்கும்போது நான் ஒரு வாடிக்கையாளருக்கு மூன்றாவது சேலை போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் யாரையும் மாட்டிவிடவில்லை. ஒன்று என்று எண்ணினால் குற்றமா?

ஜூலை 25, வியாழன்

சாம்பார் முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

நேரமில்லை, அதனால் வீடியோ போடவில்லை. சேலைக்காரி எங்கே, உடம்புக்கு என்ன என்று நானூறு பேர் கேட்கிறார்கள். இப்போது சேனலைத் தொடர்கிறவர்கள் நான்கு லட்சம். ஆடிக் கூட்டம் குறையட்டும், திரும்ப ஆரம்பித்துவிடலாம்.

ஜெசிந்தாவையும் ஆடி முடிந்ததும் முதலாளியே கூப்பிட்டுவிடுவார். ஒன்பது வருஷம் வேலை பார்த்தவளை அப்படியே விட்டுவிடுவாரா.

"ஞாயித்துக்கெழமன்னா ஜெசிந்தா மீன் குடுத்து அனுப்புமே, வரலியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"லீவுல இருக்கா" என்றேன்.

துணி துவைத்தேன். பரண் ஒழித்தேன். இஸ்திரி போட்டேன். போட்ட துணிக்கே மறுபடி போட்டேன்.

ஜூலை 31, புதன்

புதுப் பெண்களில் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். ஜெசிந்தா பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வேலை கேட்டுப் போனாளாம். "நீதான அந்த வீடியோ பொம்பள? ஒன்னய வச்சுக்கிட்டு நாங்க யாவாரம் பண்ண முடியுமா?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு கடையிலும் அதே கதைதானாம். மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியே மூடி வைத்தேன். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதவே எட்டு நாள் ஆகியிருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

முதலாளி அறைக்குள் போனேன். பதினாலு வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

"முதலாளி, அந்த சேனல் நான்தாங்க. ஜெசிந்தா இல்லைங்க."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார். "என்னம்மா, சிநேகிதிக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்தியா? போயி வேலையப் பாரு. பதினாலு வருஷத்துல 'சரிங்க முதலாளி'யத் தவிர ஒன் வாயிலேர்ந்து நான் ஒண்ணு கேட்டதில்ல. நீயாவது அவ்வளவு பேசுறதாவது."

பயந்துகொண்டுதான் போயிருந்தேன். அந்த நிமிஷத்தில் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. கீழே போய்ப் பெட்டியிலிருந்து என் போனை வாங்கிக்கொண்டு வந்து, சேனலைத் திறந்து, அவர் மேஜையில் வைத்தேன். எல்லா வீடியோவும் இருந்தது, போடாமல் வைத்திருந்த மூன்றும் இருந்தது. அவற்றில் குரல் மாற்றவில்லை. என் குரலிலேயே கேட்டார். கேட்டுவிட்டு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு லட்சம் பேரா?"

"நாலு லட்சத்துச் சொச்சங்க."

"ஒக்காரு" என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

அவர் சொன்னது இதுதான். சேனலை அப்படியே ஓட்ட வேண்டும். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். நடுநடுவே நம் கடைச் சரக்கைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. மடிப்புக் கோடு, மூணாவது சேலை, இதெல்லாம் இனிமேல் கூடாது. "ஆவணி ஒண்ணுலேர்ந்து பட்டுக்கு நீதான் இன்சார்ஜ்."

"ஜெசிந்தாவ..."

"அது முடிஞ்சுபோச்சும்மா. எல்லாரு முன்னாடியும் அனுப்பியாச்சு. திரும்பக் கூப்புட்டா நாந்தான் தப்புன்னு ஆவும். ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சது நம்மளோட இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்றேங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. விடிவதற்குள் எழுந்து எலுமிச்சம் சாதம், தேங்காய் சாதம், புளி சாதம் மூன்றும் கிளறினேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணிய விஷயத்தையும்தான். அவர் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப லீவுன்னு சொன்னது?"

"பொய்."

துருவி முடித்துவிட்டுத்தான் பேசினார். "இன்சார்ஜ்னா, ஜெசிந்தா நின்ன எடத்த தெனமும் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கணும். ஒன்னால முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றேன். "எத்தன வருஷமா நின்னுட்டேன், ஒக்கார எனக்கும் உரிமை இருக்கு."

"நான் உரிமையக் கேக்கல."

எலுமிச்சம் சாதத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். வாயில் வைக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெசிந்தா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். கதவைத் திறந்தவள், "வாங்க" என்றாள்.

ஒன்பது வருஷமாக "வாடி" என்றவள். உள்ளே மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது. பாய் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள்.

"ஜெசிந்தா, அந்த சேனல்..."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மொத வீடியோவுலயே தெரியும். கொரல மாத்துனீங்க, பேச்ச மாத்தலயே. வெரல மாத்தலயே. ஒம்போது வருஷம் பக்கத்துல நின்னவளுக்கு ஒங்க கை தெரியாதா? சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நீங்களா சொல்லட்டும்னு பேசாம இருந்தேன்."

"அப்ப அன்னிக்கு முதலாளிகிட்ட ஏன் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அது நீங்க சொல்ல வேண்டியது." தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். "லாபம்னு என் வாயில தன்னால வந்துச்சு. சொன்னப்புறம்தான் அவர் மொகத்தப் பாத்தேன், வெளங்குச்சு. அதுக்கு முன்னாடியே காதுல ஒண்ணு விழுந்துச்சு. ஒம்போது வருஷத்துல நீங்க ஒண்ணுன்னு எண்ணி நான் கேட்டதே இல்ல."

நான்கு லட்சம் பேரிடம் பேசுகிற வாய். முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

"பதினோரு நாளாச்சு" என்றாள். "ஒவ்வொரு நாளும் இன்னிக்கி சொல்லுவீங்க, நாளைக்கி சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

முதலாளி சொன்னதையும் இன்சார்ஜ் விஷயத்தையும் சொன்னேன். சொல்லாமல் போயிருந்தால் இன்னொரு பதினோரு நாள் ஆகியிருக்கும். கேட்டுவிட்டு, "நல்ல வேல, ஒக்காந்து பாக்கலாம்" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஆறேகால். மேல் ஸ்டூலை எடுத்துவிட்டு, போனை என் முகத்துக்கு நேராக வைத்தேன். ஆப் போடவில்லை. வாட்ச் கட்டவில்லை. வீட்டுக்காரர் மாடத்துப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பல் தேய்க்கப் போகவில்லை.

"சேலைக்காரி சொல்றேன். என் பேரு செங்கமலம். மன்னார்குடி. ஜவுளிக் கடையில பதினாலு வருஷமா சேலை எடுத்துப் போடுறேன். இந்த வீடியோ எல்லாம் போட்டது நான்தான், நான் மட்டும்தான். நான்னு தெரியாம வேற ஒரு பொண்ண வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. அவ இல்லன்னு தெரிஞ்சும் நான் பக்கத்துல வாய மூடிக்கிட்டு நின்னேன். அதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. அவளுக்கு வேல குடுக்க யோசிக்கிறவங்க இதப் பாத்துட்டுக் குடுங்க. மடிப்புக் கோட்டப் பத்திச் சொன்னதெல்லாம் நெசம். அத நான் திருப்பி வாங்கிக்கல."

நாற்பத்தெட்டு வினாடி. ஒரே தடவையில் எடுத்தேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை, ஜெசிந்தாவின் பெயரையும் சொல்லவில்லை. போட்டுவிட்டு, குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பதினோரு மணிக்கு மேனேஜர் மேலே வந்தார். என் போனை அவரே பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போய், "இன்சார்ஜ் வேணாங்க முதலாளி" என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இன்று கமெண்ட் படித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கடை என்று ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையிலிருந்து படி ஏறுகிறவர்கள் எல்லாம், "அந்த இன்னொரு அம்மா எங்க?" என்று கேட்டார்களாம். ஆடிக் கூட்டத்தில், பட்டுப் பிரிவில் சேலை மடிக்கத் தெரிந்த கை ஒன்றுகூட இல்லை. பிரித்த சேலை இடுப்பளவுக்குக் குவிந்துவிட்டதாம். சாயங்காலம் மேனேஜர் ஜெசிந்தா வீட்டு வாசலில் நின்றார் என்று புதுப் பெண் போன் செய்து சொன்னாள். ஜெசிந்தா அரை மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தாளாம்.

நாளையிலிருந்து போகிறாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எனக்கு வேலை இல்லை. இரண்டு கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள், தங்கள் சரக்கை வீடியோவில் காட்டச் சொல்லி. பழைய சரக்காக இருந்தால் பழையது என்றுதான் சொல்வேன் என்றேன். ஒருவர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். யோசிக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

மத்தியானம் ஒன்றரை மணி, கடையில் சாப்பாட்டு நேரம். போன் அடித்தது. ஜெசிந்தா.

"ஏண்டி" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரெண்டு தடவ பாத்தேன். ஒன் மூஞ்சியே தெரியல. ஜன்னலப் பின்னால வச்சுக்கிட்டு ஒக்காந்தா இருட்டடிக்காம என்ன செய்யும்?"

"சேலைக்கு அப்படித்தான் வப்பேன். அதே பழக்கத்துல ஒக்காந்துட்டேன்."

"நீ என்ன சேலையா? ஜன்னலப் பாத்து ஒக்காரு. நாளைக்கி புதுசா ஒண்ணு எடு. சோறு ஆறுது, வக்கிறேன்."

வைத்துவிட்டாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தீரவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

நாளைக்கு என்றாள். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது. ஸ்டூலைத் தூக்கி மறுபக்கம் போட்டேன், முகத்தைத் துடைத்துக்கொண்டேன், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். கண் கூசியது.